மூன்றாம் மாடி ஜன்னல்

மணிக்கு இருநூற்று நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் முட்டல் மன்னன் காரை மூன்றாம் மாடி ஜன்னலுக்குள் விட்டான்.

கார் உள்ளே போகவில்லை. கீழேயும் விழவில்லை. பாதி சுவரிலும் பாதி காற்றிலுமாக அப்படியே நின்றது.

அதோடு அந்தத் தளத்திலிருந்த பதினான்கு கணினிகளும் நின்றன.

பன்னிரண்டு தலைகள் அவன் பக்கம் திரும்பின. ஒரு தலை மட்டும் திரும்பவில்லை. யாரும் திட்டவுமில்லை, இன்றைக்கு இன்னும் முட்டவில்லையே என்று காத்திருந்தவர்கள்போல எழுந்து சோம்பல் முறித்தார்கள்.

தெருப் பந்தய வீடியோ கேம் செய்யும் அந்தக் கம்பெனியில் முட்டுவதுதான் அவன் உத்தியோகம். கேம் வெளியே போகுமுன் சுவர், கம்பம், குப்பைத்தொட்டி ஒன்றுவிடாமல் காரைக் கொண்டுபோய் மோதி, எங்கே ஓட்டை என்று பார்த்து எழுதவேண்டும். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். மற்றபடி நிஜக் காரில் உட்கார்ந்தாலே அவனுக்குத் தலை சுற்றும். ஆபீசுக்கு வருவது சைக்கிளில். அதிலும் இறக்கம் வந்தால் இறங்கித் தள்ளுவான்.

அவன் நிரப்பும் தாளில் இரண்டு பத்திகள். நிறை, குறை.

குறைப் பத்தியில் எட்டு மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு சேர்ந்துவிட்டன. பூனை டயருக்கு அடியில் போய் மறுபக்கம் வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது. துரத்தி வரும் போலீஸ் வண்டி ரவுண்டானாவுக்குள் நுழைந்தால் வெளியே வர வழி தெரியாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. குடைக்காரர் மழையில் குடையை மடக்கி, வெயிலில் விரிக்கிறார்.

நிறைப் பத்தி வெள்ளையாகக் கிடந்தது.

நிறை இல்லாமல் இல்லை. மழை பெய்தால் மருந்துக்கடைப் பலகையின் சிவப்பு, தேங்கிய தண்ணீரில் உடைந்து உடைந்து ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் திருப்பத்தில் வயிறு ஒரு நொடி லேசாகிப்போகும். சாப்பாட்டு வேளையில், பந்தயம் கிடக்கட்டும் என்று, இருபது கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தெருவில் சும்மா போய்வருவான்.

ஆனால் அதையெல்லாம் எழுதினால் தெருக்காரி படித்துவிடுவாளே.

அந்தத் தெருவைக் கல் கல்லாகச் செய்தவள் அவள். அதனால் அவளுக்கு அந்தப் பெயர். இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். இருநூற்றுப் பதினொரு குறைகளை முகம் சுளிக்காமல் சரிசெய்தவள். பூனைக்குக்கூட ஒதுங்கிப் போகக் கற்றுக்கொடுத்துவிட்டாள்.

கடைசி ஒன்றை மட்டும் தொடமாட்டேன் என்றாள்.

அது இதுதான்: மூன்றாம் திருப்பம் தாண்டியதும் ஒரு பழைய கட்டடம். அதில் மூன்றாம் மாடி ஜன்னலில், கார் வந்தால் விளக்கு எரிகிறது. கார் போனால் அணைகிறது. காரணம் ஏதுமில்லை.

ஒன்பது முறை எழுதி அனுப்பினான். ஒன்பது முறையும் ‘குறை அல்ல’ என்று திரும்பி வந்தது. நேரில் கேட்டால், ஜன்னலைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னாள்.

மேனேஜர் தன் மேசையில் ஓட்டிப் பார்த்தார். எரியவில்லை. மற்ற பதினொரு பேரும் அவரவர் மேசையில் ஓட்டினார்கள். யாருக்கும் எரியவில்லை. முட்டி முட்டி மண்டைக்குள் ஏதோ கழன்றிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். மேனேஜர் இரக்கப்பட்டு அவனைக் கண் டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்.

கண்ணாடி போட்டுப் பார்த்தால் விளக்கு முன்னைவிடப் பளிச்சென்று எரிந்தது. திரைச்சீலையில் சின்னச் சின்னப் பூக்கள் வேறு.

இன்று கடைசி நாள். கேம் வெளியே போகலாம் என்று ஐந்து மணிக்குள் அவன் கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஒரு குறை மிச்சமிருந்தாலும் அந்தத் தெருவையே கேமிலிருந்து தூக்கிவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். மழை, மருந்துக்கடை, பூனை, அவளுடைய எட்டு மாதம், எல்லாம் போய்விடும்.

காரணம் தெரியாமல் கையெழுத்துப் போட அவனுக்குக் கை வராது. அவனிடம் இருந்த ஒரே யோக்கியதை அதுதான். ஆகவேதான், எட்டிப் பார்த்துவிடலாம் என்று, லாரியில் சாய்த்துவைத்த பலகைமேல் காரை ஏற்றிப் பறந்தான்.

கணினிகள் ஒவ்வொன்றாக உயிர்பிடித்தபோது மணி நாலே முக்கால்.

தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு எழுந்தான். இருநூற்று நாற்பதில் வராத தலைசுற்றல், இரண்டு மேசை தூரத்தில் வந்தது.

கண்டிப்பாகப் பேசவேண்டும் என்றுதான் போனான். வாயில் வந்தது வேறு.

“உங்க ஜன்னலுக்காக நான் கண்ணாடியே போட்டுட்டேன். இப்பவாவது சொல்லுங்களேன், அது ஏன் எரியுது?”

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். கண்ணாடியை ஒருமுறை பார்த்தாள். அவன் கையிலிருந்த தாளை வாங்கி, வெள்ளைப் பத்தியை மேலிருந்து கீழ்வரை, எழுத்து இருப்பதுபோலவே படித்தாள். சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள், அடங்கவில்லை.

“அது எங்க வீட்டு ஜன்னல். மத்தவங்க போனா எரியாது. நீங்க போனாத்தான் எரியும்.”

தாளை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“சைக்கிள்ல வந்தாலும் எரியும்.”