தலைக்கணக்கு

சுவரில் ஆணி மட்டும் இருந்தது. கடிகாரம் இல்லை. தம்பியும் இல்லை.

அக்கா கொல்லைப் பக்கமும் ஓடிப் பார்த்துவிட்டு வந்தாள்.

அவன் ஜெயிலிலிருந்து வந்து முழுசா இருபத்திரண்டு நாள் ஆகவில்லை. அதற்குள்ளேயா? நாலு தடவை உள்ளே போய்விட்டு வந்தவன். "இன்னொரு தடவை என் முன்னாடி வந்து நின்னா அஞ்சு வருஷம்" என்று நீதிபதியே சொல்லி அனுப்பியிருந்தார்.

"என்னங்க! கடிகாரத்தைக் காணோம்!"

கண்டக்டர் முகத்தில் பாதி சோப்பு நுரையோடு வந்தார். அக்கா புருஷன் பஸ்ஸில் கண்டக்டர். ஆளைவிட மீசைதான் முன்னால் வரும்.

"தம்பி?"

"அவனையும்தான் காணோம்."

மனுஷன் நுரையைத் துடைத்தார், சட்டையை மாட்டினார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"போலீஸ் ஸ்டேஷனுக்கு."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒரு ஓட்டைக் கடிகாரத்துக்காகச் சொந்த மச்சினன் மேல புகார் கொடுக்கப் போறீங்களா? நல்லா இருக்குதுங்க உங்க நியாயம்!"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். இவளும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

வழி நெடுக ஒரே அர்ச்சனைதான். அவளுக்கு ஆற்றாமை. பின்னே? தம்பி வந்த நாளிலிருந்து இந்த மனுஷன் தினமும் காலை ஐந்து மணிக்கு அவன் அறைக் கதவைத் தள்ளி, தலையை நீட்டி, "ஒரு ஆள், சரி" என்று சொல்லிவிட்டுப் போவார். பஸ்ஸில் தலையை எண்ணுகிற மாதிரி. கூடப் பிறந்தவனை வீட்டுக்குள்ளேயே கைதியாக வைத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

நேற்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டே கேட்டாள். "அவன் என்ன ஓடியா போயிடுவான்? இனிமே அந்த அறைப் பக்கம் எட்டிப் பார்த்தீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் சொல்லவில்லை. இன்று காலை எட்டிப் பார்க்கவும் இல்லை.

ஸ்டேஷன் வாசலில் அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். கடவுளே, அஞ்சு வருஷம்!

உள்ளே பெஞ்சில் தம்பி உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது ஆள், கடிகாரத்தைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். "வாங்க. ஆறு மணிக்கே வந்துட்டாம்மா உங்க தம்பி. 'திருடிட்டேன், உள்ளே போடுங்க'ன்னு ஒரே பிடிவாதம். முதல் தடவைதான் இவன் நிஜத் திருடன். அப்புறம் மூணு தடவையும் இதே கூத்துதான். சைக்கிளைத் திருடினவன் ஏறி மிதிச்சுட்டுப் போக வேணாமா? நேரா இங்கே தள்ளிட்டு வந்து நிக்கிறான்!"

அக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "ஏன்டா இப்படிப் பண்றே? உனக்கு நான் என்னடா குறை வெச்சேன்?"

"ஒரு குறையும் இல்லைக்கா." அவன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு பேசினான். "அங்கே காலையில அஞ்சு மணிக்கு எண்ணுவாங்க. எழுந்து நிக்கணும். எண்ணி முடிச்சாத்தான் உட்காரலாம். வெளியே வந்தா யாரும் எண்ண மாட்டேங்கிறாங்க. நிக்கிறேன், நிக்கிறேன், நின்னுக்கிட்டே இருக்கேன். உட்காரலாமா கூடாதான்னே தெரியலைக்கா. பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆயிடுது. ஒவ்வொரு தடவையும் அதுக்குப் பயந்துதான் திரும்பப் போனேன்."

அக்கா பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்தத் தடவை முதல் நாளே மாமா பார்த்துட்டாரு. 'என்னடா மரம் மாதிரி நிக்கிறே'ன்னாரு. சொன்னேன். சிரிப்பாருன்னு நினைச்சேன். சிரிக்கலை. அன்னையிலேர்ந்து தினமும் அவர்தான் வந்து எண்ணிட்டுப் போறாரு. இன்னிக்கு வரலை. ஒரு மணி நேரம் நின்னு பார்த்தேன்க்கா."

அக்கா மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள். ஒரு கன்னத்தில் இன்னும் நுரை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"அக்காவுக்குத் தெரிஞ்சா வெட்கமா இருக்கும்னு சத்தியம் வாங்கிட்டான். அதான் உன் திட்டை வாங்கிக்கிட்டேன்."

ஏட்டு பேனாவைத் திறந்தார். "சரி, புகார் உண்டா, இல்லையா?"

"புகாரா? கடிகாரத்தை ரிப்பேருக்குக் கொடுத்து அனுப்பினேன், சார். கடை தெரியாம இங்கே வந்துட்டான்."

மடியில் இருந்த கடிகாரம் டிக் டிக்கென்று நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஏட்டு அதைப் பார்த்தார், கண்டக்டரைப் பார்த்தார், பேனாவை மூடினார். "சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க."

மறுநாள் காலை ஐந்து மணி. கண்டக்டர் எழுந்திருக்கப் போனார். அக்கா அவர் தோளை அழுத்திப் படுக்க வைத்தாள்.

"இன்னிக்கு நான்."

தம்பி கட்டில் காலடியில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தான். போர்வை நாலாக மடித்துக் கிடந்தது. வாசலில் அக்காவைப் பார்த்ததும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"ஒரு ஆள்" என்று சொல்லத்தான் வந்தாள்.

உள் அறையில் படுத்திருந்தவரை நோக்கி ஒரு விரலை நீட்டினாள், தன் நெஞ்சைத் தொட்டாள், கடைசியாகத் தம்பியின் தலையில் கையை வைத்தாள்.

"மூணு பேர். சரியா இருக்கு. உட்காருடா."