கவிழ்த்து வைத்த தட்டு

பெண் வீட்டில் சாப்பிட்டு முடித்த மாப்பிள்ளை, யார் தடுத்தும் கேட்காமல் தட்டைக் கழுவிக் கவிழ்த்து, அதன் நட்டநடுவில் டம்ளரையும் கவிழ்த்து வைத்தான்.

டிவியில் ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார்: “பதினாறு வயசுல கொலை பண்ணவன் திருந்தவே மாட்டான். ஆயுசுக்கும் உள்ளே போடுங்க!”

மாப்பிள்ளை பெண்ணின் அப்பா பக்கம் திரும்பினான். “மாமா, மறைக்க மனசு வரல. பதினாறு வயசுல ஒரு சண்டையில என் கையால ஒரு உயிர் போச்சு. சீர்திருத்தப் பள்ளியிலதான் வளர்ந்தேன். வேண்டாம்னா கிளம்பிடறேன்.”

பெண்ணின் அம்மா சிரித்துவிட்டார். “தட்டைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, உட்காருங்க! கல்யாணமான நாள்லேருந்து இந்த மனுஷனும் இப்படித்தான் கவிழ்க்கிறார்.”

மாமனார் டிவியை அணைத்தார்.

“எனக்கு அப்போ பதினஞ்சு வயசு, மாப்பிள்ளை. நானும் கொலை கேஸ்தான். ஆமா, டம்ளர் நடுவுல இல்லேன்னா அங்க இன்னமும் மறுபடி கழுவச் சொல்றாங்களா?”