புகை குறைந்த வீடு

“உங்க வூட்டுல ஏசி இருக்குதாம்மா?” என்று சௌந்தரம் அம்மாள் கேட்டார்.

“அதெல்லாம் இல்லீங்க” என்றாள் மலர்க்கொடி. ஏசி உள் அறையில் பழைய புடவை ஒன்றைப் போர்த்திக்கொண்டு ஒளிந்திருந்தது.

திருப்பாதிரிப்புலியூரில் ‘கார்பன் குறைப்போம்’ இயக்கம் ஒரு போட்டி வைத்திருந்தது. கரண்டும் பெட்ரோலும் குறைவாகச் செலவழிக்கும் வீட்டுக்கு முதல் பரிசு. உள்ளூர்க்காரர்கள் மார்க் போட்டால் அடிதடி ஆகிவிடும் என்று சிதம்பரம் கிளையிலிருந்து இரண்டு பேரை வரவழைத்திருந்தார்கள். ஒருவர் இந்த சௌந்தரம் அம்மாள். இன்னொருவர் கிளையின் செயலாளர் சிவசங்கர். போன வாரம் தேரடிக் கூட்டத்தில், ஏசி போடுகிறவன் பேரப்பிள்ளைகளின் மூச்சைத் திருடுகிறான் என்று பேசிக் கைதட்டல் வாங்கிய இளைஞர்.

பூமி சூடாவது பற்றி மலர்க்கொடிக்குக் கவலை இல்லை. மகள் இளமதிக்கு வயது இருபத்தெட்டாகிவிட்டது. வந்த இரண்டு வரனும் தட்டிப்போயின. முதல் பரிசு வாங்கினால் பேப்பரில் படம் வரும், நல்ல இடத்திலிருந்து தேடிக்கொண்டு வருவார்கள் என்பது அவள் கணக்கு. அதனால் ஃப்ரிட்ஜ் பக்கத்து வீட்டு சைனம்புவின் சமையலறைக்குப் போயிருந்தது. கார் புவனகிரியில் கொழுந்தனார் வீட்டு வாசலில் நின்றது.

பொய் சொல்லி வாங்கும் பரிசு எதற்கு என்று இளமதி காலையிலேயே கேட்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு மஞ்சள் சுடிதாரைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டாள் அம்மா.

ஃபேனையும் நிறுத்தி வைத்திருந்ததால் கூடத்தில் எல்லோருக்கும் வேர்த்தது. சௌந்தரம் அம்மாள் குடிக்கத் தண்ணீர் கேட்டார். இளமதி கொண்டுவந்து கொடுத்தாள். அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பாப்பா என்ன நட்சத்திரம்?” என்றார்.

“உத்திராடங்க.” ஆளுக்கொரு நட்சத்திர மரம் நடச் சொல்வார்கள் போலிருக்கிறது என்று மலர்க்கொடி நினைத்தாள். “அதுக்குப் பலா மரங்க. தோட்டத்துல எடம் இருக்குது.”

சௌந்தரம் அம்மாள் பலா மரத்தைக் காதில் வாங்கவில்லை. கார் இருக்கிறதா என்றார். இல்லை. ஃப்ரிட்ஜ்? மண்பானைதான். வாஷிங் மெஷின்? துவைக்கிற கல் இருக்கிறது. ஒவ்வொரு பதிலுக்கும் அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. செயலாளர் மட்டும் எதையும் குறித்துக்கொள்ளாமல் இளமதி நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்க் குறைகிறதோ என்று மலர்க்கொடிக்குப் பயம் வந்துவிட்டது.

“நாளைக்கு இவளக் கட்டிக்குடுத்தாக்கூட, சீர்னு ஒரு சைக்கிளும் பனையோலை விசிறியுந்தாங்க குடுத்தனுப்புவோம். எங்க கொள்கை அப்படி.”

சௌந்தரம் அம்மாள் பேனாவை மூடினார்.

“அப்ப மொதப் பரிசு எங்களுக்குத்தானுங்களே?”

“சந்தேகமே வாணாம்மா. ஒங்களுக்குத்தான்” என்று எழுந்தவர், செயலாளரின் தோளைத் தட்டினார்.

“எந்திரிடா சங்கரு. அம்மா ஒனக்கு வேற வூட்டுல பொண்ணு பாக்குறேன்.”

செயலாளர் ஒரு முறை இளமதியைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு அம்மாவின் பின்னால் போனார்.