சத்தம் போடாத ஜெனரேட்டர்

பந்தயத் தடத்தில் பைக் ஓட்டப் போகும்போதெல்லாம் டயர்களில் மின்போர்வை சுற்றிச் சூடேற்ற நவநீதனுக்கு ஜெனரேட்டர் வேண்டும். பழையது போன தடவை பாதியில் நின்றுவிட்டது. பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஒரு வயர் இழுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. டயர்கள் ஆறிப்போயின; ஆறிய டயர் வளைவில் வழுக்கும். ஓட்டாமலே திரும்பிவிட்டான்.

கடைக்காரர் புதியது ஒன்றை ஓடவிட்டுக் காட்டினார். "பக்கத்துலயே உக்காந்து பேசிட்டிருக்கலாங்க. சத்தமே கேக்காது."

யாரோடு பேசுவது என்று நவநீதன் யோசித்தான். மூலையில் கிடந்த பெரியதைக் காட்டினான்.

"அதுங்களா? நம்பி வாங்கலாம், நடுவுல நிக்காது. ஆனா காது கிழிஞ்சிருங்க. அக்கம்பக்கத்துல இருக்கறவங்கெல்லாம் சண்டைக்கு வந்துருவாங்க."

"வருவாங்களா?" என்று கேட்டான் நவநீதன்.