இரண்டு முறை துவைத்த சட்டை

லியெனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. விடுதியின் பின்சுவரோரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, அறுபது வயது குவாங் ஒரு பெண்ணின் சட்டையில் முகத்தைப் புதைத்து மோந்துகொண்டிருந்தார்.

பயணக் கம்பெனி முதல் நாள் எல்லாருக்கும் கொடுத்த நீலச் சட்டை அவர் உடம்பில் இருந்தது. கையில் இருந்தது ஆரஞ்சு. முதுகில் அதே கம்பெனி முத்திரை, இடுப்புக் குறுகிய பெண் அளவு, அக்குளில் வியர்வை காய்ந்து உப்புப் பூத்துக் கிடந்தது. அவர் கண்ணை மூடி இன்னொரு முறை ஆழமாக இழுத்தார். பிறகு அதைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, வாயை இறுக்கிக் கட்டி, சைக்கிளின் முன்பையில் போட்டுக்கொண்டார்.

சீ, மனுஷனா இவன்!

வியட்நாமில் ஹுவேயிலிருந்து ஹோய் ஆனுக்கு ஐந்து நாள் சைக்கிள் பயணம். இன்று மூன்றாம் நாள், லாங் கோ கடற்கரை. நாளை கணவாய் ஏற வேண்டும். வந்திருக்கும் எட்டுப் பேரில் நான்கு பேர் பெண்கள். வழிகாட்டி வேலையில் லியெனுக்கு இதுதான் முதல் வருடம். ஒருத்தி பாதியில் கோபித்துக்கொண்டு போனாலும் அடுத்த பயணத்துக்கு லியெனைக் கூப்பிட மாட்டார்கள்.

காலையில்தான் ஹான் வந்து பொருமியிருந்தாள். சைகோனில் வங்கி வேலை பார்க்கும் பெண், தனியாக வந்தவள்.

"அக்கா, என் சட்டை ஒண்ணைக் காணோம். கொடியிலதான் போட்டேன். எவனாவது எடுத்திருந்தா... நினைச்சாலே உடம்பு கூசுது. இன்னிக்குள்ள கிடைக்கலேன்னா நான் பஸ் ஏறிடுவேன்."

நேற்று அரசர் கல்லறையில் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, குவாங் மட்டும் முன்பையைக் கழற்றிக்கொண்டு பைன் மரங்களுக்குப் பின்னால் ஒதுங்கினார். எதற்கு என்று லியெனுக்கு இப்போது புரிந்தது.

வேனிலிருந்து மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்த ஓட்டுநர் ஃபோங்கிடம் ஓடினாள்.

"அண்ணே, அந்தக் குவாங் பொம்பளைச் சட்டையை வச்சு மோந்துக்கிட்டிருக்காரு!"

"அவரா? வாயைத் திறந்தா ரெண்டு வார்த்தை பேச மாட்டாரே!"

"என் கண்ணால பாத்தேண்ணே. வாந்தி வருது எனக்கு."

"அப்ப நேரா கேட்டுடு."

"தனியா கேட்டா இல்லேன்னு சாதிப்பாரு. எல்லாரும் இருக்கும்போது கேக்கிறேன், மானம் போகட்டும்."

குவாங் மற்ற ஆண்களோடு கடலில் குளிக்கப் போனார். லியென் அவருடைய முன்பையைத் திறந்து, பிளாஸ்டிக் பையின் முடிச்சை அவிழ்த்தாள். புளித்த வியர்வை வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. இரண்டு விரலால் சட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அப்படியே ஹானிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். மனசு ஒப்பவில்லை. அந்த ஆளின் மூக்கும் வாயும் பட்ட துணியை அந்தப் பெண் எப்படித் தொடுவாள்?

பயணிகளின் துணியைத் தினமும் மத்தியானம் துவைத்துப் போடுவதும் லியென் வேலைதான். இதை மட்டும் தனி வாளியில் போட்டாள். சோப்பை அள்ளிக் கொட்டி, கழுத்தையும் அக்குளையும் பிரஷ் போட்டுத் தேய்த்தாள். ஒரு முறையில் வாடை போகவில்லை. இரண்டாம் முறை தேய்த்து அலசி, எலுமிச்சை மணக்கும் திரவத்தில் முக்கி எடுத்தாள். அப்புறம் தன் கையை முழங்கை வரை கழுவிக்கொண்டாள். கடல் காற்றில் சட்டை ஒரு மணி நேரத்தில் காய்ந்ததும் ஹானிடம் கொண்டுபோனாள்.

"இது என்னுது இல்லக்கா," என்றாள் ஹான். "என்னுது ஊதா. அது என் பைக்குள்ளேயேதான் சுருண்டு கிடந்துச்சு. சொல்ல மறந்துட்டேன், மன்னிச்சுக்கக்கா."

மற்ற மூன்று பெண்களும் தங்களுடையது இல்லை என்று தலையாட்டினார்கள். லியெனுக்கு எரிச்சல் இரட்டிப்பானது. அப்படியானால் இந்த ஆள் வேறு எந்தப் பயணியின் கொடியில் கை வைத்தாரோ!

ஆண்கள் குளித்துவிட்டு வந்ததும் எல்லாரும் மேசையில் உட்கார்ந்தார்கள். அவித்த கிளிஞ்சல் வந்தது. குவாங் மட்டும் சைக்கிள் பக்கம் போனார். முன்பையைத் திறந்தவர் அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பம்பு விழுந்தது, தண்ணீர் பாட்டில் உருண்டது. மண்டி போட்டுத் தரையெல்லாம் தடவினார்.

"யாராவது என் பையைத் திறந்தீங்களா? யாராவது பாத்தீங்களா?"

'வசமா மாட்டினான்' என்று நினைத்துக்கொண்டு லியென் எழுந்தாள். மடித்த சட்டையை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நீட்டினாள்.

"இதைத்தானே தேடுறீங்க மாமா? ரெண்டு தடவை சோப்புப் போட்டுத் துவைச்சிருக்கேன். இப்ப மோந்து பாருங்க, கமகமன்னு இருக்கும்!"

மேசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

குவாங் கோபப்படவில்லை. சட்டையை இரண்டு கையாலும் வாங்கி முகத்தில் வைத்து இழுத்தார். கழுத்துப் பட்டியை மோந்தார். அக்குளை மோந்தார். உள்பக்கத்தை வெளியே திருப்பி, தையல் தையலாக மோந்துகொண்டே போனார்.

இத்தனை பேர் எதிரிலுமா! லியென் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிக்கொள்ளப் போனாள்.

அவர் தலையை நிமிர்த்தினார்.

"போன வருஷம் இதே பயணத்துல அவ போட்டிருந்த சட்டை. செத்துப்போன என் பொண்டாட்டி வாசனை இதுல மட்டும்தாம்மா மிச்சம் இருந்துச்சு."