தேயாத கட்டை

நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தாள். ரப்பரில் தடம் விழவில்லை. அதை ஒதுக்கிவிட்டு அடுத்த ஜோடியை எடுத்தாள்.

சைக்கிள் கடைக்காரர் மேசைமேல் ஏழு வகை பிரேக் கட்டைகளைப் பரப்பியிருந்தார். முதலில் மூன்றுதான் காட்டினார். அவள் பார்த்த பார்வையில் மற்ற நான்கும் தாமாகவே பெட்டியைவிட்டு வெளியே வந்தன.

வாசலில் கொழுந்தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரொட்டி கொண்டுபோகும் சைக்கிள். கேரியரில் இரண்டு தட்டுப்பெட்டி வைக்கிற அளவுக்கு அகலமான இரும்புச் சட்டம். முன் சக்கரம் மட்டும் புதியது. ஹேண்டில்பாரை நேற்றுதான் நிமிர்த்தியிருந்தார்கள்.

பாலத்துச் சரிவில் அவள் கணவன் போய்ச் சேர்ந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. அன்று நல்ல மழை. குறுக்கே ஒரு லாரி.

நாளையிலிருந்து அதே ரொட்டிகளை அதே தெருக்களுக்கு அவன் தம்பி கொண்டுபோகப் போகிறான். பேக்கரி முதலாளி இரக்கப்பட்டுக் கொடுத்த வேலை. வேண்டாம் என்று சொல்ல வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை.

கட்டை மாற்றாமல் வண்டியைத் தொடவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள்தான்.

ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். இரும்புத்தூள் மின்னுகிறதா? வளைத்தால் வெடிப்பு தெரிகிறதா? மழைத்தண்ணீர் வழிந்தோடக் குறுக்கே ஆழமான கோடுகள் இருக்கின்றனவா?

“இதெல்லாம் எங்கம்மா கத்துக்கிட்ட?” என்றார் கடைக்காரர்.

அவள் அடுத்த கட்டையை வளைத்துப் பார்த்தாள். காரியம் முடிந்த மறுநாளிலிருந்தே வேறு மூன்று கடைகளுக்குப் போய்வந்திருந்தாள். எங்கேயும் எதுவும் வாங்கவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் வந்தாள்.

கொழுந்தனுக்குக் கால் கடுத்தது. “அண்ணி, அண்ணனக்கூட நீங்க இப்படி அலசிப் பாத்துக் கட்டியிருக்க மாட்டீங்க” என்றவன், சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கடைசியில் பளபளப்பே இல்லாத, அடுப்புக்கரி நிறத்தில் ஒரு ஜோடியில் அவள் நகம் இறங்கியது. எடுத்ததும் ரப்பர் மெல்ல எழும்பித் தடத்தை மூடிக்கொண்டது.

“நல்ல சரக்குதான். ஆனா சீக்கிரம் தேஞ்சிரும்மா.”

“தேயட்டும். தேயுறதுதான் சக்கரத்தப் பிடிக்கும்.”

தொழில் தெரிந்த ஆளிடம் பேசுவதுபோல அவர் தலையாட்டிவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

“பழச அப்படியே குப்பையில போட்டுருங்க” என்றாள். தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ஆனால் முப்பது வருடக் கை சும்மா இருக்குமா? கழற்றிய கட்டையைத் துணியில் துடைத்து, உள்ளங்கையில் புரட்டிப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

“புத்தம் புதுசா இருக்கே. ஒரு கோடுகூட அழியல.”

நகத்தை வைத்து அழுத்தினார். மேசை விளிம்பில் தட்டினார். டக்கென்று சத்தம் கேட்டது.

“கல்லு” என்றார். “மழையில இத நம்பி இறங்குறதும் பிரேக்கே இல்லாம இறங்குறதும் ஒண்ணுதான். எந்தப் புண்ணியவான் வாங்கினது?”

கொழுந்தன் அதை வாங்கி விரல்களுக்கு நடுவே வைத்துக்கொண்டான். அவன் முகம் மெல்ல மெல்ல மாறியது. இத்தனை நாளும் லாரிக்காரனைத்தான் சபித்துக்கொண்டிருந்தான்.

“அண்ணன்தான் வாங்கியிருக்கும்” என்றான். “வேற யாரு? அதுக்கு என்னைக்குப் பாத்து வாங்கத் தெரிஞ்சிருக்கு?”

அடிக்கடி கட்டை மாற்றியே கை கறுத்துப்போகிறது என்று அவள் கணவன் ஒருநாள் அலுத்துக்கொண்டிருந்தான். சந்தையில் ஒருவன் ‘ஆயுசுக்கும் தேயாது’ என்று கூவி விற்றுக்கொண்டிருந்தான். அவள் அதை நம்பி வாங்கிவந்து, கல்யாண நாளன்று காகிதத்தில் சுற்றிக் கணவன் கையில் கொடுத்தாள். அவனும் சிரித்துக்கொண்டே அன்றைக்கே மாட்டிக்கொண்டான்.

கொழுந்தன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைக்காரரும் பார்த்தார்.

“ஆமா” என்றாள். “அவருக்குப் பாத்து வாங்கத் தெரியாது.”