துரைராசுவின் வியாதிகள்

காலையிலிருந்து கண் பிரிவின் வாசலில் நின்று நின்று நர்ஸ் ஜெயபாரதிக்குக் கால் மரத்துப்போயிருந்தது. எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டு, வரிசையின் கடைசி ஆளாக வந்து ஓ.பி. நோட்டை நீட்டினார் துரைராசு. அதைப் புரட்டியவளுக்கு எரிச்சல் வந்தது.

"மார்ச்சுல காது வலி. ஏப்ரல்ல முட்டி வலி. போன மாசம் அரிப்பு. இப்ப கண்ணா? மாசத்துக்கு ஒரு வியாதியா பெரியவரே?"

"வயசாச்சுல்லம்மா."

"வலங்கைமான்லேர்ந்து பஸ் ஏறி வர்றீங்க. ஒரு தடவைகூட மாத்திரை எழுதலையே!"

அவர் உள்ளே போனார். மாதம் ஒரு பிரிவாகச் சுற்றிவரும் பயிற்சி டாக்டர் குந்தவை, கொட்டாவியை அடக்கிக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"உன் கண்ணுதான் குழி விழுந்து கெடக்கு. தூங்குறியா இல்லியா?"

டாக்டரைப் போய் இப்படிப் பேசுகிறாரே என்று அதட்டத் திரும்பினாள் ஜெயபாரதி. அதற்குள் குந்தவையே பேசினாள்.

"லீவு கெடைக்கலப்பா. அதுக்காக மாசாமாசம் வரிசையில நிக்கணுமா?"

"ஹாஸ்டலுக்கு வந்தா டூட்டிங்கறாங்க. இங்கதானே உன்னைய ரெண்டு நிமிஷம் பார்க்க முடியுது."

ஜெயபாரதி கையிலிருந்த நோட்டை மறுபடி புரட்டினாள். எல்லாப் பக்கத்திலும் ஒரே கையெழுத்து.

குந்தவை பெருமூச்சு விட்டாள். "அடுத்த மாசம் எனக்குப் பிரசவ வார்டு. என்னன்னு சொல்லிச் சீட்டு வாங்குவீங்கப்பா?"